புடவை பார்க்க வந்தவர்கள்

என் அக்கா கடல் தாண்டிப் போய், முன்பின் தெரியாத பிள்ளைகளுக்குச் சேவை செய்துவிட்டு வந்தாள். அந்தச் சேவைக்காக அடி வாங்கியவள் நான். இத்தனை வருடம் கழித்தும் இதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் காது சூடாகிவிடுகிறது.

அப்போது எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதினெட்டு. ஆரணியில் இரண்டு தறி போட்ட வீடு எங்களுடையது. ஒன்றில் அப்பா நெய்வார், இன்னொன்றில் அம்மா. அக்கா கல்லூரியில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். இலங்கையில் மலைப்பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மண் சரிந்து பள்ளிக்கூடம் பாழாகிவிட்டதாம். கோடை விடுமுறையில் மூன்று வாரம் அங்கே தங்கி, பள்ளிக்கூடத்தைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, பிள்ளைகளுக்கு வகுப்பும் எடுக்க ஆள் வேண்டும் என்று கல்லூரியில் கேட்டிருக்கிறார்கள். எடுத்த எடுப்பில் கையைத் தூக்கியவள் என் அக்கா. சொந்த வீட்டில் ஒரு தங்கை கூட்டல் கணக்கில் திண்டாடிக்கொண்டிருந்தாள் என்பது அவளுக்கு நினைவு வரவில்லை.

அப்பா முடியவே முடியாது என்றார். அவர் மனதை மாற்றியது மாமா. மாமா என்றால் அம்மாவின் தம்பி. செய்யாறில் ஒரு கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ்ஸில் போய்வருகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் எங்கள் வீட்டு விவகாரத்தில் தலையிடுபவர். நம் தெருவில் விமானம் ஏறப்போகிற முதல் பெண் பிள்ளை, இதைத் தடுத்தால் ஊர் சிரிக்கும் என்று அப்பாவிடம் அடித்துப் பேசினார். பேசியதோடு நிற்காமல் தெருமுனையில் பெரிய ஃப்ளெக்ஸ் பேனரும் வைத்துவிட்டார். கடல் கடந்து தொண்டாற்றச் செல்லும் எங்கள் குலவிளக்கே என்று எழுதி, அக்காவின் படத்தைவிட ஒரு சுற்றுப் பெரிதாகக் கறுப்புக் கண்ணாடி போட்ட தன் படம். கீழே வரிசையாக அவருடைய கம்பெனி நண்பர்கள். கூடப்பிறந்த என் முகம் மட்டும் அதில் எங்கேயும் இல்லை. கேட்டதற்கு, இடம் பத்தவில்லை என்றார்.

அக்கா போன மூன்று வாரமும் அவள் வேலையெல்லாம் என் தலையில் விழுந்தது. தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல் கண்டு, அதைத் தார் என்போம், அதை ராட்டையில் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. அதை நான் செய்தேன். தினமும் அவள்தான் எனக்கு இரட்டைச் சடை போடுவாள். இப்போது அம்மா போட்டாள். தறியில் நூல் அறுந்த கோபத்தையெல்லாம் என் மயிரில் காட்டினாள். அக்கா அங்கே யார் யாருக்கோ நல்லது செய்யச் செய்ய, இங்கே எனக்கு உச்சந்தலை எரிந்தது.

திரும்பி வந்தவள் வேறு ஆளாக வந்தாள். கறுத்து, இளைத்து, வாய் ஓயாமல் பேசுகிறவளாக. பேச்சில் பாதி யோகராணி. அந்தத் தோட்டத்துப் பெண், அக்கா வயதுதான். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவள். யோகராணி இப்படிச் சொன்னாள், யோகராணி அட்டைப்பூச்சியைக் கையாலேயே பிடுங்கிப் போட்டாள், யோகராணி வீட்டில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தின்றோம். கேட்டுக் கேட்டு எனக்கு யோகராணி என்றாலே பற்றிக்கொண்டு வந்தது.

போனில் படங்களைக் காட்டினாள். ஒரு படத்தில் அக்கா படியில் உட்கார்ந்து ஒரு சின்னப் பெண்ணுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். யோகராணியின் தங்கை, என் வயதுதான் இருக்கும். அந்தப் பெண் கட்டியிருந்தது என் பட்டுப்பாவாடை.

மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை. புடவை நெய்து முடித்த பாவில் மிஞ்சிய நூலை எனக்கென்றே நெய்து, அப்பா தைக்கக் கொடுத்த பாவாடை. அதை என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டியில் வைத்து எடுத்துப் போயிருக்கிறாள்.

“உனக்குக் குட்டையாயிடுச்சிடி. அதுக்கு நல்ல துணியே இல்ல, பாவம்” என்றாள் அக்கா.

முட்டிக்கு மேலே ஏறினாலும் என் பாவாடை என் பாவாடைதானே! நான் தரையில் புரண்டு அழுதேன். அம்மா இரண்டு தட்டு தட்டி, போனது போகட்டும், இனி இதைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்றாள். அன்றிலிருந்து அந்தப் பேச்சு எனக்குத் தொண்டையிலேயே நின்றது.

அக்காவோ தினமும் சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து யோகராணியோடு ஒரு மணி நேரம் பேசுவாள். ஒருநாள் எனக்கு மட்டும் ஒரு ரகசியம் சொன்னாள். அடுத்த கோடையில் அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அவளை மூன்று மாதத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். அவளும் யோகராணியுமாகச் சேர்ந்து அந்தப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வகுப்பே நடத்தப் போகிறார்களாம். சொல்லும்போது அவள் கண் பளபளவென்று இருந்தது. மூன்று வாரத்துக்கே என் மயிர் பாதி போய்விட்டது, மூன்று மாதம் என்றால் மொட்டைதான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தை பிறந்ததும் மாமா ஒரு வரன் கொண்டுவந்தார். பெரணமல்லூர் மாப்பிள்ளை, மாமாவின் கம்பெனியிலேயே வேலை. அன்றைக்கே பேனர் கீழே இறங்கியது. எழுத்து கீழ்ப்பக்கம் போகும்படி கவிழ்த்து, கொல்லையில் குளிக்கிற மறைப்புக்கு மேலே கட்டிவிட்டார் மாமா. அக்கா வெளிநாடு போன கதையை யாரும் எடுக்கக்கூடாது என்று உத்தரவும் போட்டார். ஊரைக் கூட்டிக் காட்டியவரும் அவர்தான், மூடி மறைக்கச் சொன்னவரும் அவர்தான். ஒரு பையன் துபாய்க்குப் போய்விட்டு வந்தால் அவன் செண்ட்டு வாசனைக்கே பத்து வீட்டில் பெண் கொடுக்கக் காத்திருப்பார்கள். ஒரு பெண் மூன்று வாரம் போய் ஏழைப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தால், எங்கே தங்கினாள், யாரோடு தங்கினாள் என்று கேள்வி வரும். இந்த நியாயத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

எங்கள் ஊரில் முறையாகப் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் புடவை வாங்குகிற சாக்கில் வருவார்கள். ஆரணி என்றால் நெசவுக்காரர் வீட்டுக்கே போய்ப் புடவை எடுப்பது எல்லாரும் செய்வதுதானே. புடவையைப் பார்க்கிற மாதிரி பெண்ணையும் வீட்டையும் பார்த்துக்கொள்வார்கள். பிடித்திருந்தால் ஒரு புடவை எடுப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் நிறம் அமையவில்லை என்று எழுந்து போய்விடுவார்கள். யாருக்கும் யாரும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. இதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரியும். எனக்கு யாரும் சொல்லவில்லை. பெரணமல்லூரிலிருந்து புடவை எடுக்க வருகிறார்கள் என்று மட்டும்தான் சொன்னார்கள். நெய்த புடவையெல்லாம் நூல் கொடுக்கிற முதலாளியிடம் போய்விடும் என்பதால் வீட்டில் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. அப்பா முதலாளி வீட்டிலிருந்து ஐந்து புடவையை இரவல் வாங்கிவந்து அடுக்கினார்.

அன்று காலையில் சடை போடும்போது அக்கா என் காதருகே குனிந்தாள்.

“வர்ற அம்மாவுக்குத் தண்ணி குடுத்துட்டு அங்கயே ஒக்காரு. இன்னா கேட்டாலும் உள்ளத உள்ளபடி சொல்லு. பாவாடை விசயத்தையும் சொல்லு, நான் இன்னா வேணான்னா சொன்னேன்?”

எட்டு மாதமாக அடக்கி வைத்திருந்த வாய்க்கு வேறென்ன வேண்டும்? நியாயம் கேட்க ஒரு ஆள் கிடைத்துவிட்டது என்று இருந்தது எனக்கு.

வந்தவர்கள் இரண்டு பேர். மாப்பிள்ளையின் அம்மாவும் அவருடைய தங்கையும். அந்த அம்மா மாம்பழ நிறப் புடவை ஒன்றை மடியிலேயே எடுத்து வைத்துக்கொண்டார். எங்கள் அம்மாவின் முகம் மலர்ந்து போயிருந்தது. காப்பி போட அவள் உள்ளே போன நேரம் பார்த்து, அந்த அம்மா என் பக்கம் திரும்பி, அக்கா நல்லா வேலை செய்வாளா என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

நான் மடை திறந்துவிட்டேன்.

“எங்க செய்யுது? அது வெளிநாடு போயி மூணு வாரம் இருந்துச்சிங்க. எல்லா வேலையும் நான்தான் செஞ்சேன். என் பட்டுப்பாவாடைய யாரோ ஒரு பொண்ணுக்குக் குடுத்துட்டு வந்துடுச்சி. தினம் சாயங்காலம் போன்ல பேசிகினே இருக்கும். அடுத்த வருசம் மூணு மாசம் போவுதாம். இந்த வீட்ட விட அந்த ஊருதான் அதுக்குப் புடிச்சிருக்குது.”

அந்த அம்மா மடியில் இருந்த புடவையை மெதுவாக மடித்து அடுக்கின் மேல் வைத்தார். காப்பி வந்தது. பாதி குடித்தார். இதே கலர் எங்க வீட்டுல ஒன்னு இருக்குதும்மா, வேற ஒரு நாள் வர்றோம் என்று எழுந்துவிட்டார்.

அவர்கள் தெரு திரும்புவதற்குள் வீட்டில் விசாரணை தொடங்கியது. இன்னாடி சொன்ன அந்தம்மாகிட்ட என்று அம்மா கேட்டாள். நான் சொன்னதை அப்படியே சொன்னேன். முதல் அடி அங்கே விழுந்தது. அக்காதான் சொல்லச் சொல்லிச்சி என்று கத்தினேன். நான் செய்த தப்பை அக்கா மேல் போடுகிறேன் என்று அப்பாவிடமிருந்து இரண்டாவது அடி. எந்தப் பெண்ணாவது தன் கல்யாணத்தைத் தானே கெடுத்துக்கொள்வாளா என்று மாமா கேட்டார். அவர் பங்குக்குக் காதைத் திருகினார். அக்கா தறி வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம், நான்தான் சொன்னேன் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. உண்மையைச் சொன்னதற்கு ஒரு அடி, உண்மையிலும் உண்மையைச் சொன்னதற்கு இன்னொரு அடி. இந்த அநியாயத்தை நான் எந்தக் கோர்ட்டில் சொல்வேன்?

எனக்கு விழுந்த அடியோடு போகவில்லை. அக்காவின் போனைப் பிடுங்கி அம்மா பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாயங்காலமானால் பீரோவுக்குள் அது அடிக்கும். அக்கா தார் சுற்றிக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பாமல் இருப்பாள். நான்கைந்து நாளில் அதுவும் நின்றுவிட்டது.

அடி விழுந்த மறுநாள் காலையில், வலி ஆறுவதற்குள், அவள் எனக்குச் சடை போட உட்கார்ந்தாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பின்னிக்கொண்டே வந்தவளின் கை நடுவில் நின்றது. திரும்பிப் பார்த்தால் அழுதுகொண்டிருந்தாள்.

“வலிச்சிச்சாடி?” என்றாள்.

எனக்கு மனசு இளகிவிட்டது. கல்யாணம் நின்றுபோன துக்கத்தில் அழுகிறாள், பாவம், எல்லாம் நம் வாயால் வந்த வினை என்று நினைத்தேன். அடி வாங்கியவள் நான், ஆறுதல் சொன்னதும் நான்தான்.

“அழாதக்கா. வேற மாப்பிள்ள வருவாங்க. அடுத்த வாட்டி யாரு வந்தாலும் உன்னப் பத்தி நல்லதாவே சொல்றேன். சாமி சத்தியம்.”

அக்கா பதறிப்போய், நீ ஒன்றும் சொல்லவேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும் என்றாள். என் மேல் நம்பிக்கை இல்லாமல் சொல்கிறாள் என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தலையில் கை வைத்து இன்னொரு முறையும் சத்தியம் செய்தேன்.

பங்குனியில் தெள்ளாரிலிருந்து புடவை பார்க்க வந்தார்கள். இந்தத் தடவை எனக்கு எல்லாம் தெரியும். அம்மா என்னை வெளியே விளையாடப் போகச் சொல்லி விரட்டினாள். நான் பின்வாசல் வழியாக வந்து மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். பெண் வெளிநாடு போனதாக யாரோ சொன்னார்களே, உண்மையா என்று அவர் எங்கள் அம்மாவைக் கேட்டார். அம்மாவுக்கு வாய் குழறியது. நான் முந்திக்கொண்டேன்.

“அதெல்லாம் டீச்சருங்க கட்டாயப்படுத்தி அனுப்பினாங்க. எங்க அக்கா அழுதுகினே போச்சி, அழுதுகினே வந்துச்சி. அங்க யாரையும் அதுக்குத் தெரியாது. போன்கூட வெச்சிக்காதுங்க. காலேஜ் விட்டா வீடு, வீடு விட்டா தறி.”

அந்த அம்மா என் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தார். அரக்கு நிறத்தில் ஒரு புடவையை எடுத்துக்கொண்டார். அம்மா என்னை முதல் முறையாகப் பெருமையோடு பார்த்தாள். அக்கா தறி வீட்டு வாசலில்தான் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு நேரமில்லை.

வைகாசியில் கல்யாணம். கல்லூரியிலிருந்து அடுத்த குழு இலங்கைக்குப் புறப்பட்டதும் அதே வாரம்தான். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் மறந்துவிட்டேன். எனக்கிருந்த கவலையெல்லாம் வேறு. செய்த சத்தியத்தை இவ்வளவு நன்றாகக் காப்பாற்றியிருக்கிறேனே, அக்கா வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்வாள் என்று கல்யாண மண்டபத்தில் இரண்டு நாளும் அவள் பின்னாலேயே சுற்றினேன். புறப்படும்போது அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாமாவிடம்கூடச் சொல்லிக்கொண்டாள். என்னிடம் வந்தபோது மட்டும் தலையில் கையை வைத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வண்டியில் ஏறிவிட்டாள். நன்றி கெட்டவள் என்று அன்றைக்கு முழுக்க வீட்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.