மார்த்தாவின் மகனும் கட்டாய சேவைச் சட்டமும்

லண்டனில், ஈஸ்ட் ஹாம் தெருவில் இராணுவப் பச்சைக் காற்சட்டை போட்டு யாராவது எதிரே வந்தால் நான் மறுபக்கம் போய்விடுவேன். அது இங்கே வெறும் நாகரிகம், கடையில் தள்ளுபடியில் விற்கிறார்கள் என்று தெரிந்த பிறகும் கால் கேட்பதில்லை. என்னைப் போலவே ஒதுங்குகிற இன்னொருவரை 2009இல் கண்டேன். என்னோடு ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்த மார்த்தா. எல் சல்வடோர்க்காரி.

அவருடைய மகன் இரண்டு வயதில் லண்டன் வந்தவன். பதினெட்டு முடிந்ததும், எல் சல்வடோரில் இருக்கும் தாத்தாவைப் பார்க்க டிக்கெட் எடுத்துவிட்டான். மார்த்தாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த நாட்டின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் அவருடைய தம்பியை பஸ்ஸிலிருந்து இறக்கி இராணுவத்தில் சேர்த்தார்கள், அவர் திரும்பவில்லை. இப்போதைய சட்டத்தை அச்சிட்டு வந்து, இடைவேளையில் என்னிடம் வாசிக்கத் தந்தார். அவரைவிட எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் கூட.

“பதினெட்டிலிருந்து முப்பது வயதுவரை கட்டாயம். நடைமுறையில் விரும்பியவர்கள்தான் சேர்கிறார்கள்.”

“கட்டாயமா, இல்லையா?”

“சட்டத்தில் கட்டாயம். ஆனால் பிடிக்க மாட்டார்கள்.”

“பிடிக்காவிட்டால் ஏன் எழுதி வைத்திருக்கிறார்கள்? உங்கள் நாட்டில் எப்படி?”

“இலங்கையில் சட்டப்படி யாரையும் கட்டாயமாகச் சேர்ப்பதில்லை.”

“நல்ல நாடு” என்றார்.

மிச்சத்தைச் சொல்ல என் ஆங்கிலம் போதவில்லை. வன்னியில் அக்கா வீட்டுக்கு வந்த இயக்கக்காரர்கள் சட்டம் எதையும் காட்டவில்லை. வீட்டுக்கு ஒருவர் என்றார்கள். அக்காவின் மகள், பத்தொன்பது வயதுக் கலாவைக் கூட்டிப்போனார்கள். மே மாதம் யுத்தம் முடிந்தது. பிறகு அகதி முகாமிலிருந்து அக்கா போன் எடுத்தா.

“தம்பி, பிள்ளையின்ர பேர் ஒரு லிஸ்டிலயும் இல்லையாம்.”

“வேற ஆரையும் கேட்க ஏலாதோ அக்கா?”

“ஆரையடா கேக்கிறது?”

மகன் புறப்படும் நாளில் மார்த்தா என்னையும் விமான நிலையத்துக்கு அழைத்தார். வரிசையில் நின்றவனின் பையைத் திறந்து, அவனுடைய சல்வடோர் பிறப்புச் சான்றிதழை எடுத்தார். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் போதும் என்றார். சான்றிதழை என் கையில் திணித்தார்.

“நீங்கள் வைத்திருங்கள். என்னிடம் இருந்தால் கிழித்துவிடுவேன்.”

வீட்டில் அதை வைக்க ஓர் உறையைத் திறந்தேன். உள்ளே கலாவின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி இருந்தது. அவளை லண்டனுக்கு எடுக்கலாம் என்று, எப்போதோ அக்காவிடம் கேட்டு வாங்கியது. விண்ணப்பம் நான் இன்னும் போடவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்தேன்.

மூன்று கிழமையில் பையன் கறுத்து, கொழுத்து வந்து சேர்ந்தான். அங்கே அவனை யாரும் எதுவும் கேட்கவில்லையாம். மார்த்தா வந்து தன்னுடைய காகிதத்தை வாங்கிப்போனார். மற்றது உறையில் இருக்கிறது.