பதிவேட்டில் பாசிட்டிவ்

1976 கார்த்திகை. காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனை அறையில், பி.எஸ்ஸி. முடித்த கையோடு இதை எழுதுகிறவன் வேலைக்குச் சேர்ந்து நாலாவது நாள். மூத்தவரான கோட்டைச்சாமி மருந்து வாங்க மதுரைக்குப் போயிருந்தார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் மூச்சு வாங்கினாள். இருபது வயதுதான் இருக்கும்.

"சார், வைகாசி மாச நோட்டுல எம்பேருக்கு நேரா என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்றீகளா? பொன்னழகு. மானகிரி."

"சீட்டுக் குடுத்திருப்பாகளே?"

"அது இருக்கு. நோட்டுல என்ன இருக்குன்னுதான் தெரியணும்."

கோட்டைச்சாமி அவளுக்குத் தாய்மாமன். ஆறு மாதமாகப் புருஷனும்கூட. அவள் தாய் சோலையம்மாளின் கூடப்பிறந்த தம்பி. பரிசோதனை அறையில் வெள்ளைக்கோட்டுப் போட்டு நிற்கிற மாமனைக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்பதில் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு மிதப்பு.

போன தை மாதம் அவளுக்கு மூட்டுவாதக் காய்ச்சல் வந்தது. முழங்கால் வீங்கியது, அது வடிந்ததும் மணிக்கட்டு வீங்கியது. டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: "காய்ச்சல் விட்டாலும் உள்ள அழற்சி இருக்கும். சி.ஆர்.பி. டெஸ்ட் நெகட்டிவ் ஆகுற வரைக்கும் படுக்கையை விட்டு எந்திரிக்கக் கூடாது. எந்திரிச்சா இதயத்தைப் பிடிக்கும். கல்யாணமெல்லாம் அப்பறம்."

அந்தப் பரிசோதனையை மாமன் தன் கையாலேயே செய்தார். கறுப்புக் கண்ணாடியில் அவள் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர் ஒரு சொட்டு, பால் போன்ற மருந்து ஒரு சொட்டு. கலக்கி ஆட்டினால், அழற்சி இல்லாதவர்களுக்குப் பால் பாலாகவே நிற்கும். இருந்தால் திரியும். மாசியில் திரிந்தது. பங்குனியிலும் திரிந்தது. "இங்க பாரு புள்ள, குருணை குருணையா. ஒன் ஈரல் ஒரு புரதத்த விட்டுக்கிட்டே இருக்கு" என்று பெருமையாகக் காட்டிக்கொடுத்ததும் அவர்தான்.

காய்ச்சல் விட்டதும் வீட்டார் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். வைகாசியில் முகூர்த்தக்கால் ஊன்றிய மூன்றாம் நாள் மறுபடி எடுத்தார்கள். கண்ணாடியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பதிவேட்டில் மையால் எழுதினார். பார்த்த உடனே எழுதிவிட வேண்டும், அடித்தல் திருத்தல் கூடாது என்பது அங்கே விதி. பிறகுதான் திரும்பி அவளைப் பார்த்தார்.

"போயிருச்சு புள்ள. சுத்தமாப் போயிருச்சு."

"திரிஞ்சாப்ல தெரியுதே மாமா?"

"வெளிச்சம் அப்படிக் காட்டுது. பத்து வருசமாப் பாக்குறவன் சொல்றேன். நீ அஞ்சாப்புப் படிச்சுட்டு எனக்கே சொல்லித் தாரியாக்கும்!"

வெட்கத்தோடு சிரித்துவிட்டாள். துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுச் சீட்டு எழுதினார்: நெகட்டிவ். அதைப் பார்த்து டாக்டரும் எழுந்து நடமாடச் சொன்னார். கல்யாணம் நடந்தது. அவள் தண்ணீர் சுமந்தாள், ஐப்பசியில் நடவுக்கு இறங்கினாள், வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நோட்டைக் கேட்டு வந்த அன்று காலை டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். இதய வால்வு கெட்டிருக்கிறது என்றார். "வைகாசியில நெகட்டிவ்னுதானே சீட்டு வந்துச்சு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அங்கிருந்து நேராக அவள் பரிசோதனை அறைக்கு வந்திருந்தாள்.

பதிவேடு கிடைத்தது. உருண்டை உருண்டையான கோட்டைச்சாமியின் எழுத்து.

"என்ன சார் போட்டிருக்கு?"

"பாசிட்டிவ்."

அந்த வரியின்மேல் ஒரு தடவை விரலை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

சாயங்காலம் புருஷன் மானகிரி வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்வரை காத்திருந்தாள்.

"நோட்டப் பாத்துட்டேன் மாமா."

"கால் ஊன்றியாச்சு, பத்திரிகை வச்சாச்சு. அதுக்கு மேல நிறுத்தினா, டெஸ்ட் எடுக்குறவனுக்கு வாச்சவளே நோவாளின்னு ஊரு சிரிக்காதா? கல்யாணம் முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்னு…"

"அப்பறம் எப்பப் பாத்தீக? நாத்துக்கட்டு தூக்கையில பாத்தீகளா?"

அவர் ஆணியில் மாட்டிய சட்டையை எடுத்து மறுபடி மாட்டினார்.

"எனக்குப் பொய்யி. நோட்டுக்கு மட்டும் எப்படி மெய்யெழுத வந்துச்சு?"

"அதுல மாத்தி எழுதி மாட்டுனா வேல போயிரும்ல."

"எங்கிட்ட மாட்டுனா ஒண்ணும் போகாதுன்னு நெனச்சிருக்கீக."

இரண்டு தெரு தள்ளித்தான் தாய் வீடு. நாலு இடத்தில் நின்று நின்று போனாள். மறுநாள் கூப்பிட வந்த தம்பியைச் சோலையம்மாள் படியேற விடவில்லை. "இடுப்புல வச்சு வளத்தேன்டா ஒன்ன. எம்புள்ள நெஞ்ச ஒங்கையில குடுத்தேன். ஊரு சிரிக்கும்னு அதத் தொலச்சுட்டு வந்து நிக்கிறியே" என்றாள்.

பதிவேட்டைப் பார்த்ததும் டாக்டர் அந்த வாரமே கோட்டைச்சாமியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். இப்போது தேவகோட்டைப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் இருக்கிறார். பொன்னழகு மானகிரியில் தாயோடு இருக்கிறாள். இருபத்தோரு நாளைக்கு ஒருமுறை பஸ் ஏறி வந்து, காய்ச்சல் திரும்பாமலிருக்கப் பெனிசிலின் ஊசி போட்டுக்கொள்கிறாள். பிள்ளை பெறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.