பியானோவுக்குள் எரிந்த பல்ப்

எங்கள் வெள்ளவத்தை வீட்டுப் பியானோவுக்குள் ஒரு பல்ப் இரவு பகலாக எரியும். கடற்காற்றின் ஈரம் உள்ளே இறங்காமலிருக்க அம்மா செய்த ஏற்பாடு அது. அந்த சுவிட்சில் யாராவது கை வைத்தால் தொலைந்தார்கள். அப்பா இருந்தவரை அதைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டேயிருந்தார், அம்மா அசையவில்லை.

இந்த வருடம் அம்மாவுக்கு ஒரேயொரு ஆசை. கொட்டாஞ்சேனையில் தான் ஞானஸ்நானம் பெற்ற, குமரியாக இருந்தபோது பூசைக்கு வாசித்த கோயிலுக்கே அந்தப் பியானோவைக் கொடுத்துவிட வேண்டும். வேலை தெரிந்த ஆளைக் கொண்டு ஒருமுறை பார்ப்பியுங்கள், பாவிக்கக்கூடியதென்றால் லொறி அனுப்புகிறோம் என்றார் பாதர்.

வந்தவர் பியானோ திருத்தியே தலை நரைத்த ஒரு முஸ்லிம் பெரியவர். மேல்மூடியைத் திறந்து, இரும்புச் சட்டத்தின் தூசியைத் துடைத்து, அதில் பொறித்திருந்த இலக்கத்தை வாசித்தார். ஜெர்மனியில் செய்தது, நூறு வயதுக்கு மேலிருக்கும், இப்படியொன்று கொழும்பில் இனிக் கிடையாது என்றார். அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பரிசு வாங்கிய பிள்ளையின் முகம்.

பிறகு கம்பியை முறுக்கும் ஆணியொன்றைத் திருகினார். அது பிடிமானமில்லாமல் சுழன்றது. அடுத்ததும் அப்படியே. ஆணிகளைத் தாங்கும் மரம் ஈரத்தில் உளுத்துப்போய்விட்டது, இனிச் சுருதி நிற்காது, விலை என்று சொல்ல ஒன்றுமில்லை, கோயிலுக்கும் உதவாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"பல்ப் ஒரு நாளும் நூரேல்லையே, இரவு பகலா எரிஞ்சுகொண்டுதானே இருக்கு," என்றார் அம்மா.

பெரியவர் கீழ்ப்பலகையைக் கழற்றி, எரிந்துகொண்டிருந்த பல்பைக் கையால் பொத்திப் பிடித்தார். பிடித்த கையை எடுக்கவேயில்லை.

"லைட் இருக்கு தம்பி. சூடு இல்லையே."

அதை மாட்டியவன் நான். பழைய குண்டு பல்ப் போய்விட்டபோது அதுபோல ஒன்று கடைகளில் கிடைக்கவில்லை. எல்.ஈ.டி. ஒன்றை வாங்கிப் போட்டேன். பத்து வருடம் எரியும் என்று அம்மாவிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன். படித்த மாடு! ஈரத்தைக் காயவைத்தது வெளிச்சமல்ல, சூடு என்பது இத்தனை வருடமாக என் மண்டையில் ஏறவில்லை.

பெரியவர் போனதும் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழுதேன். இந்த வயதில் அப்படி அழுவேன் என்று நினைத்திருக்கவில்லை. திட்டித் தீர்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அம்மா என் தலையைத் தடவிவிட்டார்.

"இனி அதை நூத்துவிடு மகன்."

எழுந்து போய் சுவிட்சை அமர்த்திப் பல்பை அணைத்தேன். அம்மா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.