ரிவர்ஸில் மூன்று சுற்று

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷங்களாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். எனக்குப் படிப்பு குறைவு. சாமி காரியத்தில் யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற பயமும் உண்டு. ஆனால் எங்கள் ஜீப்பைப் பற்றி இப்போது பேரிகை ஊர்ப் பக்கம் உலவுகிற கதையைக் கேட்டபின் சும்மா இருக்க முடியவில்லை. ஆஞ்சநேயர் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து பத்து வருஷம் இருக்கும். பெங்களூரில் பட்டாளத்துப் பழைய ஜீப்புகளை ஏலம் விட்டார்கள். ஓசூருக்குக் கிழங்கு மூட்டை ஏற்றலாம் என்று ஒன்றை எடுத்து வந்தேன். ஸ்டியரிங் இடப்பக்கம். அண்ணன் சொல்லையே கேட்டு வளர்ந்தவன் நான்; நானாக வாங்கிய ஒரே பொருள் அதுதான். அண்ணனுக்கோ அதைக் கண்டாலே ஆகாது. ஒருநாள் சூளகிரி மேட்டில் கியர் பாக்ஸ் பல் நொறுங்கி நின்றுவிட்டது. மாடு பூட்டித்தான் வீட்டுக்கு இழுத்து வந்தோம்.

"மாடு இழுக்குற வண்டிதான் வேணும்னா நம்மகிட்ட முன்னமே ஒண்ணு இருக்குதேடா" என்றார் அண்ணன்.

வேறொரு உடைந்த ஜீப்பின் கியர் பாக்ஸை நான் தேடிப் பிடித்ததும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "வர்ற சந்தைக்குள்ள இது சாமியை மூணு சுத்து சுத்தணும். சுத்தலன்னா குந்தாரப்பள்ளி மாட்டுச் சந்தைக்கு இழுத்துட்டுப் போயி வித்துட்டு ஒரு ஜோடி மாடு புடிச்சிருவேன்."

ஓசூர் லாரி ஷெட்டில் வேலை பார்த்த என் மனைவியின் தம்பியை வரவழைத்தேன். புளியமரத்தடியில் பள்ளம் வெட்டி, அதன்மேல் ஜீப்பை நிறுத்தினோம். உள்ளே தரைத் தகட்டைக் கழற்றிவிட்டு, கிணற்றில் நீர் இறைக்கும் கவலைக் கயிற்றை மரக்கிளையிலிருந்து விட்டு, பழைய கியர் பாக்ஸை மெல்லப் பள்ளத்தில் இறக்கினோம்.

"என் கயிறுடா அது! கெணத்துல தண்ணி எறைக்கிறதா, உங்க இரும்ப எறைக்கிறதா?" என்று அண்ணன் தோட்டத்திலிருந்தே கத்தினார்.

வாங்கிவந்த கியர் பாக்ஸைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவி, சாமான்களைச் சாக்கின்மேல் பரப்பினோம். எந்தக் கருவியையும் பொட்டு வைக்காமல் எடுத்துப் பழக்கமில்லாத வீடு எங்களுடையது. மனைவி நல்ல சந்தனமாக அரைத்து, பற்சக்கரம், கம்பி, மூடி என்று ஒன்றுவிடாமல் பூசிக் குங்குமம் வைத்தாள். மறுநாள் காலை மச்சான் எல்லாவற்றையும் பூட்டினான்.

"கம்பி ஒண்ணு இறுக்கமா போவுது மாமா. ஓட ஓட சரியாப் பூடும்."

மாட்டினோம். வண்டி உறுமியது. புளியமரத்தடியிலிருந்து பின்னால் எடுத்தேன், அருமையாக வந்தது. அதோடு சரி. கியர் தடி ரிவர்ஸிலேயே மாட்டிக்கொண்டது. மச்சான் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. மறுநாள் சந்தை. திரும்பப் பிரிக்கப் பொழுதில்லை.

"ஏங்க, பின்னாலதான் போவுதுன்னா பின்னாலயே போங்களேன்" என்றாள் மனைவி.

தெருக்கோடி ஆஞ்சநேயர் கோயில்வரை பின்னாலேயே போனேன். நாய்கள் குரைக்க, பாதி ஊர் கூட வந்தது. அண்ணன் துண்டை உதறிக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

"இது பிரதட்சிணமா? சாமிக்கு முதுகக் காட்டிக்கிட்டு?"

அர்ச்சகர் வெளியே வந்து வண்டியைப் பார்த்தார். "மொகம் எங்க பார்த்தா என்னா? போறது எந்தப் பக்கமா போவுது, அதான் கணக்கு. பர்வாலேது, நிதானங்கா நடப்பு!" என்றார், பரவாயில்லை, மெதுவாக ஓட்டு என்று தெலுங்கில் முடித்து.

முன்னால் ஓட்டி வலம் வந்திருந்தால் கோயிலுக்கும் இடப்பக்கம் உட்கார்ந்த எனக்கும் நடுவே வண்டி இருந்திருக்கும். பின்னால் போனதால் கோயில் சுவர் என் முழங்கையை ஒட்டியே வந்தது. வாசலைத் தாண்டும்போது விளக்கொளியில் ஆஞ்சநேயர் அத்தனை கிட்டத்தில் இருந்தார். பின்னால் பார்க்க மறந்து அவரையே பார்த்தேன். ஓர் அரளிச்செடி போயிற்று.

மூன்றாவது சுற்று முடிந்ததும் அண்ணனைப் பார்த்தேன்.

"சுத்துனுச்சு" என்றார். "முன்னாலன்னு நான் சொல்லல. ஆனா என் கயிறு நாளைக்கு வேணும்."

சந்தை முடிந்த மறுநாள் பிரித்தோம். கியரை நகர்த்தும் தள்ளு கம்பியின் நுனியில் காய்ந்திருந்த சந்தனம், துளைக்குள் போய் இறுகிப் பிடித்திருந்தது. மச்சான் சுரண்டி எடுத்து மோந்து பார்த்து, "கமகமன்னு இருக்குது மாமா" என்றான். அதன்பிறகு வெகுகாலம் அந்த ஜீப் முன்னாலும் போயிற்று.

இப்போது ஊரில், ஆஞ்சநேயர் ஜீப்பைப் பிடித்து நிறுத்திப் பின்னால் இழுத்தார் என்கிறார்கள். அவர் இழுக்கவில்லை ஐயா, சந்தனம் பிடித்தது. எனக்குக் கிடைத்தது கிட்டத்துத் தரிசனமும் என் ஜீப்பும். அதுவே அவர் கருணை என்று இன்றும் விளக்கேற்றுகிறேன். இதைப் படிப்பவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது சந்தனத்தை விட்டுவிடாதீர்கள், அற்புதம் எதையும் சேர்த்துவிடாதீர்கள். அரளிச்செடியையும் மறைக்க வேண்டாம்.