கைப்பிடி மட்டும்

தங்கச்சி ஒரு விழாவில் வேஷம் போடுவதற்காக, சினிமாப் படமொன்றில் வரும் கோடரியை இரும்புத் தகட்டில் செய்தாள். பாரம் தாங்காமல் என்னிடம் கொண்டுவந்தாள். பாரத்தைக் குறைக்க நான் ட்ரில்லரால் துளை போட்டபோது சூடான இரும்பு மணத்தது. எல்கடுவத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வாசலில் அப்பா என் வாளைத் துளைத்தபோதும் இதே மணம்தான்.

அப்போது பள்ளி நாடகத்தில் நான் ராணி. தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்த அப்பா, சினிமாவில் பார்த்த ராணியின் வாளைப் போலவே இரும்புப் பட்டையில் ஒன்று செய்துவிட்டார். நான் தூக்கினேன், வாள் எழவில்லை. தூக்க முடியாவிட்டால் ராணி வேஷம் சுமதிக்கு என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

அப்பா வாள் நெடுகத் துளை போட்டார்.

"சண்டை முடிஞ்சதும் இதுல இடியப்பம் புழிஞ்சுக்கலாங்க," என்றார் அம்மா.

அப்படியும் பாரம் குறையவில்லை. நாடகத்தன்று காலையில் அப்பா அலகையே அறுத்தெடுத்துவிட்டு, கைப்பிடியை உறையில் செருகினார்.

"இதப் புடிச்சிக்கிட்டு சும்மா நில்லும்மா. உருவிறாத."

மேடையில் எதிரி ராஜாவாக வந்த சுமதி முறைத்ததும் எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. உருவினேன். கையில் வெறும் கைப்பிடி. சபையே சிரித்தது, அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சுமதி மட்டும் சிரிக்கவில்லை. கைப்பிடியை நீட்டியதும், ஒத்திகையில் பழகியபடியே அலறி விழுந்து செத்தாள்.

தங்கச்சி கோடரியைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னும் கொறைக்க முடியுமாக்கா?"

"முடியும். ஆனா எதிரியா வர்றவ நல்லவளா இருக்கணும்."