அனிபால் வைத்த வேகம்

முள் இசைத்தட்டின் மேல் இறங்கியபோது யோலிமா காராபாலி கண்ணை மூடிக்கொண்டாள். கரகரப்பு இல்லை, உறுமல் இல்லை. பியானோ வந்தது. அதன் முதுகில் ஏறிக்கொண்டு பித்தளைக் குழல்கள் வந்தன. மழைக்காலம் முழுக்க அவள் பாடுபட்ட பாடு இப்போது ருபியேலாவின் முன்னறையில் நின்று பாடிக்கொண்டிருந்தது.

பிறந்தநாள்காரி ருபியேலா வெள்ளை ஷூ மாட்டித் தயாராக நின்றாள். ஒரு காலை எடுத்து வைத்தாள். மறுகாலை வைத்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"யாருடி செத்தது?"

"என்னம்மா?"

"பொணம் தூக்கிட்டுப் போறப்ப வாசிக்கிற மாதிரி இருக்கு. என் பொறந்தநாளுக்கா இது?"

"சரியான வேகம்தான்ம்மா. வேகம் பார்க்கிற கோட்டு அட்டையைச் சுத்துற தட்டு மேல வச்சு, விளக்குப் பிடிச்சுப் பார்த்தேன். ஒரு கோடுகூட நகரல."

"கோடு நகரலைன்னா எனக்கென்ன? என் காலுல்ல நகரமாட்டேங்குது!"

சுவர் ஓரமாகச் சாய்ந்து நின்ற ஆரோல்டு, கையிலிருந்த மாட்டுமணியைக் குச்சியால் ஒரு தட்டு தட்டினான். பக்கத்து வீட்டுக்காரன். காலி என்ற நகரத்தின் ஒப்ரேரோ பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை எங்கே பாட்டு ஓடினாலும் மணியோடு போய் நின்று கூடவே அடிப்பவன். ரேடியோவும் இசைத்தட்டும் ஒன்றாகப் பாடுகிற இந்த ரேடியோகிராம் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அவன் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனது ஊருக்கே தெரியும்.

"நான் அப்பவே சொன்னேன். பல்லு கட்டுறவகிட்டப் பாட்டுப்பெட்டியைக் கொடுத்தா அது மென்னு மென்னுதான் பாடும்."

 பல் கட்டுவதுதான் யோலிமாவின் தொழில். ஒரு பல் மருத்துவக் கூடத்தின் பின்னறையில் உட்கார்ந்து அடுத்தவர் வாய்க்குப் பல்செட் செய்கிறவள். கரும்புக்காட்டு ஊரான புவெர்த்தோ தேஹாதாவிலிருந்து வேலை தேடி வந்த பெண். முதல் சம்பளத்தில் படுக்கை வாங்காமல் பழுதான ரேடியோ ஒன்றை வாங்கி, தரையில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டவள். கல்யாணம் ஆகி, அது முறிந்து, புருஷன் சாமான்களைக் கட்டிக்கொண்டு போனபோது அழுவதற்கு முன்னால் அறையை அளந்து பார்த்தாள். இரண்டு ஸ்பீக்கர் பெட்டி வைக்க இடம் கிடைத்தது. ரேடியோவின் வால்வுக் குழாய்கள் சூடேறி ஆரஞ்சு நிறமாகும் நேரத்தில் யார் கதவைத் தட்டினாலும் திறக்கமாட்டாள்.

ருபியேலாவின் பல்செட்டும் அவள் செய்ததுதான். முதல்முறை அதை மாட்டிக்கொண்டு கரும்புத்துண்டைக் கடித்துப் பார்த்த ருபியேலா, "வாயையே உன்னை நம்பிக் கொடுத்தாச்சு. பெட்டியையும் எடுத்துக்கிட்டுப் போ," என்றாள். அந்தப் பெட்டி, புருஷன் அனிபால் இறந்த நாளிலிருந்து வாய் திறக்காமல் கிடந்தது.

இன்று சாயங்காலம் புவெனவெந்தூராவிலிருந்து துலியோ வருகிறார். இளவயதில் ருபியேலாவோடு ஜோடி சேர்ந்து இந்தப் பேட்டையின் ஆட்டக்கூடங்களையெல்லாம் கலக்கிய மனிதர். துறைமுக வேலைக்குப் போனவர், அனிபாலின் சாவுக்கு வந்ததோடு சரி. ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு ஆடிவிட்டுப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். முழங்கால் வைத்தியரும் ருபியேலாவுக்கு அந்த ஒரு பாட்டைத்தான் மனசில்லாமல் அனுமதித்திருந்தார். தெருவே நாற்காலி தூக்கிக்கொண்டு வரப்போகிறது.

"நாப்பத்தஞ்சுல போட்டுப் பார்க்கட்டுமா?" என்று யோலிமா நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்றாக வேகத்தை மாற்றினாள். பாடகன் எலிபோலக் கீச்சிட்டான். ஆரோல்டு சிரித்துவிட்டான்.

"நிறுத்து, நிறுத்து." ருபியேலா கையை வீசினாள். "முப்பத்துமூணுல தூக்கம் வரும். இந்த ஊர்ல எல்லாரும் நாப்பத்தஞ்சுல ஓட்டி எலிப்பாட்டுக்குத்தான் ஆடினாங்க. அனிபாலுக்கு அது பிடிக்கல. அவருக்கு ஆடவும் வராது. ஆனா நானும் துலியோவும் ஆடுறதை உட்கார்ந்து பார்த்துப் பார்த்து, நடுவுல ஒரு வேகம் வச்சாரு. காலு பறக்கும், பாடுறவனும் ஆம்பளையாவே இருப்பான். எங்க அடவெல்லாம் அந்த வேகத்துல பழகினது. வேற வேகத்துல எனக்கு ஆடத் தெரியாது, துலியோவுக்கும் தெரியாது."

"எப்படி வச்சாரு?" என்றான் ஆரோல்டு.

"எனக்கென்ன தெரியும்? ரயில் பட்டறையில எதையோ கடைஞ்சு எடுத்துட்டு வந்தாரு. உள்ள வச்சாரு."



அது என்ன என்று யோலிமாவுக்குத் தெரியும். பழுது பார்க்கப் பெட்டியைப் பிரித்தபோது மோட்டார் தண்டில் கருப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு வளையம் இருந்தது. ரப்பர் சக்கரம் அந்தத் தண்டை உரசித்தான் தட்டைச் சுழற்றும். தண்டு பருத்தால் தட்டு வேகமெடுக்கும், இளைத்தால் தளரும். எவனோ அரைகுறை மெக்கானிக் வைத்த ஒட்டு என்று நினைத்து, இடுக்கியால் கடித்து உடைத்து, பழைய கண்டன்சர்களோடு சேர்த்துக் குப்பையில் போட்டாள். அப்புறம் கோட்டு அட்டையை வைத்துப் பார்த்து, கோடுகள் அசையாமல் நிற்பதைக் கண்டு தனக்குத்தானே கை தட்டிக்கொண்டாள். அந்தக் குப்பை போய்ச் சேர்ந்த இடம் சாமிக்குத்தான் வெளிச்சம்.

ஆரோல்டு அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான். "மோட்டாருக்கு வயசாயிடுச்சுன்னு சொல்லிடு. யாரு பார்க்கப் போறா?"

அவன் சொன்னது கேலியில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

"நான் அதை உடைச்சுட்டேன்ம்மா," என்றாள் யோலிமா. "அழுக்குன்னு நினைச்சு உடைச்சுப் போட்டுட்டேன்."

ருபியேலா அவளையே பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு ஷூவின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள். திட்டியிருந்தால் தேவலை.

"அவிழ்க்காதீங்கம்மா. வேற ஒண்ணு செய்யறேன்."

"எந்த அளவுல செய்வே? அளவு தெரிஞ்ச மனுஷன் மண்ணுக்குள்ள இருக்காரு."

"உங்க காலுக்குத் தெரியும்ல?"

நாடாவில் இருந்த கை நின்றது.

யோலிமா பையைத் திறந்தாள். விருந்தில் யார் பல்லாவது விரிசல் விட்டால் ஒட்டிக்கொடுக்க எப்போதும் பையில் இருக்கும் சரக்கு: பல்செட்டின் ஈறு செய்கிற ரோஸ் நிற மாவு, அதைக் குழைக்கிற நெடி அடிக்கும் திரவம், இழைக்க ஓர் அரம். தட்டைக் கழற்றிவிட்டு, மாவைக் குழைத்துத் தண்டைச் சுற்றிக் கனமாக அப்பினாள். சிறிது நேரத்தில் கல்லாக இறுகிவிடும். மோட்டாரை ஓடவிட்டு அரத்தை மெல்லக் காட்டினால் கடைசல் பிடித்ததுபோல வட்டமாக இழையும். ஆனால் இழைத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. ஒரு மயிரிழை அதிகம் போனால் மறுபடி அப்பி, மறுபடி இறுகி, அதற்குள் தெரு வந்து உட்கார்ந்துவிடும்.

"பாட்டில்லாம ஆடிக் காட்டுங்கம்மா. கொஞ்சம் போதும்."

"என்கிட்ட இருக்கிறதே ஒரு பாட்டுக்கான முட்டி. அதுல பாதியை இதுக்குக் கேக்குறே."

"பாதி வேண்டாம்மா. ஆரோல்டு பிடிக்கிற வரைக்கும்."

"நான் எதைப் பிடிக்க?" என்றான் ஆரோல்டு.

"அவங்க காலை உன் மணியில பிடி. நான் போதும்னு சொல்ற வரைக்கும் விடாதே. கூட்டாதே, குறைக்காதே, பேசாதே."

"பேசக்கூடாதுன்னா கஷ்டம்."

"அப்ப வாயில இந்த மாவை அப்பட்டுமா?"

ருபியேலா கதவின் கைப்பிடியைத் துலியோவின் கையாக நினைத்துப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். உதடு எதையோ எண்ணியது. கால்கள் கிளம்பின. அவளுடைய எழுபத்தைந்து வயது இடுப்புக்கு மேலேயே நின்றுவிட்டது. ஆரோல்டு முதலில் தடுமாறி, பிறகு பிடித்தான். மணி அவள் குதிகாலோடு விழுந்தது. நாலு சுற்று ஆடியதும் அவள் நாற்காலியில் சரிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். மணி மட்டும் தொடர்ந்தது.

யோலிமா அரத்தை வைத்தாள். ரோஸ் தூள் பறந்தது. தட்டை வைத்தாள், முள்ளை இறக்கினாள். பாட்டு மணியை முந்திக்கொண்டு ஓடியது. முள்ளைத் தூக்கி மறுபடி இழைத்தாள். இன்னும் முந்தியது. வெளியே நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ லுலாடா பழச்சாறு வாளியைக் கீழே வைத்தார்கள். ஆரோல்டின் நெற்றியிலிருந்து வேர்வை மூக்கில் இறங்கியது, துடைக்கக் கையில்லை. அவன் கண்ணால் கெஞ்சினான். அவள் பார்க்காததுபோல இழைத்தாள்.

இப்போது பாட்டும் மணியும் ஏறக்குறைய ஒன்றாகவே விழுந்தன. ஏறக்குறைய. பாட்டு ஒரு நூல் முன்னால் இருந்தது.

அரத்தை எடுத்தாள். கை வளையத்துக்கு அருகே போய் நின்றது. பாட்டு வேகமா, அல்லது ஆரோல்டின் கை சோர்ந்துவிட்டதா? அட்டையில் அதற்குக் கோடு கிடையாது. ருபியேலாவை இன்னொரு தடவை ஆடச் சொல்ல முடியாது. யோலிமா திரும்பி ஆரோல்டின் தோளைப் பார்த்தாள். காதளவு தூக்கியிருந்தது இப்போது மெல்ல இறங்கியிருந்தது. இத்தனை ஞாயிறுகளாக அவன் மணியடித்துக் கேட்டவள் அவள். அலுத்தால் பின்தங்குவான், ஒருநாளும் முந்தமாட்டான்.

பின்தங்கியது மணிதான். அரத்தைப் பையில் போட்டாள்.

"போதும்."

"அப்பாடா! கையா இது, கட்டையா…"

அவன் முடிப்பதற்குள் வாசலில் பேச்சு அடங்கியது. தொப்பியும் வெள்ளை ஷூவுமாக ஒல்லியான ஒரு கிழவர் நின்றிருந்தார். பஸ் புழுதிகூடத் தட்டவில்லை. யோலிமா முள்ளை இறக்கினாள். 

பியானோ தொடங்கியது. துலியோ உள்ளே வரவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டார். பித்தளைக் குழல்கள் வந்தன. அவர் அப்படியே நின்றார்.  பாடகன் வாயெடுத்த இடத்தில் துலியோவின் வலது குதிகால் தானாக, அவரைக் கேட்காமலே, தரையைத் தட்டியது.

தொப்பியைக் கழற்றி ஆரோல்டின் தலையில் வைத்துவிட்டு நேரே ருபியேலாவிடம் போனார். வணக்கமில்லை, வாழ்த்தில்லை. கையை நீட்டினார். அவள் எழுந்தாள்.

ஆடினார்கள். ஜன்னல் கம்பிகளில் முகங்கள் ஒட்டிக்கொண்டன. யோலிமா அவர்கள் காலைப் பார்க்கவில்லை. தட்டுக்கு அடியில் அந்த ரோஸ் வளையம் சுழன்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது தாங்கியது. கடைசிக் குழலோடு ருபியேலா சுற்றி வந்து நின்றபோது முழங்கால் மடங்கியது. துலியோ பிடித்துக்கொண்டார்.

"அனிபால் போயிட்டான்," என்றார் மூச்சிரைக்க. "அப்புறம் யாரு வச்சது இந்த வேகத்தை?"

"என் பல்லு செஞ்சவ." ருபியேலா யோலிமாவைக் கையால் காட்டினாள். "என் வாயில இருக்கிறதையே பெட்டிக்குள்ளயும் வச்சிருக்கா, திருட்டுச் சிறுக்கி."

தெரு சிரித்தது. ருபியேலா சிரிக்கவில்லை. அருகே வந்த யோலிமாவின் காதைப் பிடித்து இழுத்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்:

"அவரு வளையத்தை நீ உடைச்சதை நான் மறக்கமாட்டேன். இதே அளவுல பித்தளையில செஞ்சு கொண்டா. அதுவரைக்கும் இந்த ரோஸை எவனும் தொடக்கூடாது. நீயும்தான்."

யோலிமா தலையாட்டினாள். காது எரிந்தது. பெட்டியின் மூடியை இறக்கப் போனவள், ஆரோல்டு அந்தக் கோட்டு அட்டையைத் தட்டின் மேல் வைக்கக் குனிவதைப் பார்த்து, அவன் கையில் ஒரு போடு போட்டாள்.