காய் விட்டதும் வந்த பழம்

பள்ளிக்கூடத்தில் மனநல ஆலோசகராக இருப்பவளுக்குப் பிள்ளைகளின் பெயரைவிட, மற்றவர்கள் அவர்களுக்கு வைத்த பட்டப்பெயர்தான் முதலில் தெரியவரும். பள்ளிக்குப் போகிற பிள்ளை வீட்டில் இருந்தால் நீங்களும் என் கட்சிதான். முகம் வாடி வரும் பிள்ளையிடம் என்ன கேட்பதென்று தெரியாமல் நீங்களும் முழித்திருப்பீர்கள்.

அடைப்பு

என் அறைக் கதவில் 'கவுன்சிலர்' என்று எழுதியிருக்கிறது. போன ஜூலையில், மராத்தி பேசும் எங்கள் ஊரின் போபோடிப் பகுதியிலிருந்து ஒரு தமிழ்த் தகப்பனார் வந்தார். மகளின் மாற்றுச் சான்றிதழுக்காக வந்தவர் பலகையைப் பார்த்ததும் உள்ளே நுழைந்து, தன் தெருவில் நாலா, அதாவது சாக்கடை, அடைத்துக்கொண்டு நாறுவதைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினார். மாநகராட்சி கவுன்சிலர் வேறு, நான் வேறு என்று சொல்லவே எனக்கு இடம் கிடைக்கவில்லை.

கடைசியில் சொன்னேன். பிள்ளைகளுக்கு மனசு சரியில்லை என்றால் என்னிடம் அனுப்புவார்கள் என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. எழுந்துபோகும்போது சொன்னார்: "நாலா அடைச்சா கேக்க நாதியில்ல, மனசு அடைச்சா ஆள் போட்டிருக்காங்க. நல்ல ஸ்கூல்தான் தாயி."

இட்லி

அவர் போனபிறகுதான் வாசலில் நிலாவின் அம்மா நிற்பதைப் பார்த்தேன். கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்த ஐ.டி. குடும்பம். நிலா மூன்றாம் வகுப்பு. மராத்தி சுத்தமாகத் தெரியாது, இந்தி அரைகுறை. சாப்பாட்டு மேசையில் அவளுக்கு 'இட்லி' என்று பெயர் வைத்தது ஸ்வரா என்ற பெண். அதோடு நிற்கவில்லை. 'கட்டி' என்றும் அறிவித்துவிட்டாள். நம் பிள்ளைகள் காய் விடுவதற்கு இங்கே கட்டி என்று பெயர். ஸ்வரா கட்டி என்றால் மேசையே கட்டி.

காலையில் யூனிஃபார்மைப் பார்த்தாலே நிலாவுக்கு வயிறு வலிக்கிறதாம். சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்புகிறதாம். இப்போதெல்லாம் வீட்டிலும் பேச்சைக் குறைத்துவிட்டாளாம். ஊருக்கே போய்விடலாமா என்று கணவனும் மனைவியும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பயமாக இருந்தது. எட்டு வயதுப் பிள்ளை வீட்டிலும் வாயை மூடிக்கொள்வது சின்ன விஷயமில்லை. மற்றவர்கள் கொண்டுவருவதையே கட்டிக்கொடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சப்பாத்தி குடுத்து உட்டனுங்க மேடம். இப்ப 'சப்பாத்தி இட்லி'ன்னு கூப்படறாங்களாமா."

அன்பு வாரம்

என் யோசனைப்படி மூன்றாம் வகுப்பில் அன்பு வாரம் நடந்தது. அடுத்தவருக்கு ஒரு நல்லது செய்தால் சட்டையில் ஒரு நட்சத்திரம் ஒட்டப்படும். இரண்டாம் நாளே ஒரு பையன் இன்னொருவனைக் கீழே தள்ளி, உடனே கைகொடுத்துத் தூக்கிவிட்டு, நட்சத்திரம் கேட்டு வந்து நின்றான்.

ஸ்வரா அதைவிடக் கெட்டிக்காரி. வகுப்பாசிரியை சொன்னபடி நிலாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முதுகைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டு முடித்து, நட்சத்திரத்தை வாங்கிக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கூப்பிட்டுக் கேட்டதற்கு மராத்தியில் நிதானமாகப் பதில் சொன்னாள்: "பக்கத்துல உக்காரணும்னு மட்டும்தான் டீச்சர் சொன்னாங்க. பேசணும்னு சொல்லலையே."

காய்

அந்த வாரம் முடிகிற வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர்க் குழாயைச் சரிபார்ப்பதுபோல் பக்கத்திலேயே நின்றேன். ஸ்வரா வழக்கம்போல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். யாரோ 'இட்லி' என்று சிரித்தார்கள். நிலாவுக்குப் பொறுக்கவில்லை. ஸ்வராவின் தோளைத் தட்டித் திருப்பி, முகத்துக்கு நேராக, மேசை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "காய்."

நான் இதே ஊரில், கட்கிப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த தமிழச்சி. இரண்டு மொழியும் எனக்கு ஒரே நேரத்தில் காதில் விழும். மராத்தியில் 'காய்' என்றால் 'என்ன?' அவ்வளவுதான். திடீரென்று ஒருத்தி 'என்ன?' என்று கேட்டால் யாருக்குமே வாய் தானாகப் பதில் சொல்லிவிடும். ஸ்வராவும் சொல்லிவிட்டாள்: "காஹி நாஹி." ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

மேசையே கத்தியது. கட்டி விட்டவளே பேசிவிட்டால் கட்டி முறிந்தது என்பது இங்குள்ள பிள்ளைகளின் சட்டம். ஸ்வராவின் முகம் சிவந்தது. அழப்போகிறாளோ, இன்னும் மோசமாக ஏதாவது சொல்லப்போகிறாளோ என்று நான் குழாயைப் பிடித்தபடியே நின்றேன். அவளோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். தலைவியே பேசியபிறகு மற்றவர்களுக்கு என்ன தடை? ஆளுக்கொரு கேள்வியாக நிலாவிடம் கேட்க ஆரம்பித்தார்கள். ஸ்வரா தன் டப்பாவிலிருந்த வெல்லப் போளியைப் பிய்த்து நிலாவின் பக்கம் நகர்த்தினாள். இந்த முறை யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. நான் அப்போதுதான் குழாயை விட்டேன்.

அன்றைக்கு நிலாவின் டப்பா காலியாக வீட்டுக்குப் போனது. பஸ் ஏறுமுன் என்னைத் தேடி வந்தவளின் முகத்தில் சந்தோஷமும் சந்தேகமும் சரிபாதியாக இருந்தன. தமிழில் ரகசியமாகக் கேட்டாள்: "நான் காய்தானே விட்டேன் மேடம்? அவ எதுக்குப் பழம் விட்டா?"

ஒரு வாரம் நட்சத்திரம் ஒட்டி நடக்காத காரியம் ஒரே ஒரு சண்டையில் நடந்துவிட்டதை, அன்பு வாரத்தின் வெற்றி என்று பிரின்சிபால் மேடை போட்டுப் பாராட்டியபோது நான் கைகட்டி நின்று அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன்.